சுடும் அமிலமா, அழைக்கும் அமிலமா? உணவுக்குழாய் உட்படலத்தின் நோயெதிர்ப்புச் செல்களும் எதுக்களிப்பு நோயும்

நெஞ்செரிச்சலுக்குக் காரணம் தேடி நம் ஊரில் யாரும் அலைவதில்லை. இரைப்பையின் அமிலம் மேலே ஏறிவந்து உணவுக்குழாயைச் சுடுகிறது; சுட்ட இடம் புண்ணாகிறது; அமிலத்தைக் குறைத்தால் புண் ஆறுகிறது. மருந்துக்கடைக்காரரிலிருந்து மருத்துவப் பேராசிரியர் வரை எல்லோரும் சொல்வது இதைத்தான். இந்த விளக்கத்தில் உணவுக்குழாய் அடிவாங்கும் திசு, அவ்வளவுதான். அதன் உட்படலத்தில் குடியிருக்கும் நோயெதிர்ப்புச் செல்களுக்கு ஏதாவது வேலை இருந்தால், அது காயம் பட்ட பிறகு ஓடிவந்து துப்புரவு செய்யும் வேலை.

இந்த வரிசை சரிதானா என்ற கேள்வி 2009க்குப் பிறகு தீவிரமாக எழுந்திருக்கிறது. முதலில் காயம், பிறகு அழற்சி என்று நாம் நினைத்திருந்தோம். முதலில் அழற்சி, அதன் விளைவாகக் காயம் என்றும் இருக்கக்கூடும் என்கின்றன சில ஆய்வுகள். அப்படியானால் அமிலம் நேரடியாகச் சுடுவதைவிட, நோயெதிர்ப்புச் செல்களை அழைத்துவிடுவதே பெரிய தீங்கு. இந்தியக் குடல்நோய் மருத்துவச் சங்கத்தின் பணிக்குழு 2011இல் வெளியிட்ட பல மைய ஆய்வில், 7.6 சதவீதம் பேருக்கு வாரம் ஒருமுறையாவது நெஞ்செரிச்சலோ எதுக்களிப்போ இருந்தது. இத்தனை பேரைப் பிடித்தாட்டும் நோயின் முதல் அத்தியாயமே மாறக்கூடும் என்பதால், இதுவரை கிடைத்த சான்றுகளை வரிசையாக எடைபோட்டுப் பார்க்கலாம்.

அமிலம் குற்றவாளியான வரலாறு

நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த ஆஷர் விங்கல்ஸ்டைன், உணவுக்குழாயில் அழற்சி கண்ட சில நோயாளிகளைப் பற்றி 1935இல் எழுதினார். இரைப்பையின் அமிலமும் பெப்சின் என்ற செரிமான நொதியும் மேலேறி வருவதே காரணமாக இருக்கலாம் என்பது அவருடைய ஊகம். 1958இல் பெர்ன்ஸ்டைன், பேக்கர் என்ற இருவர் ஒரு சோதனையை அறிமுகப்படுத்தினார்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மெல்லிய குழாய் வழியாக உணவுக்குழாய்க்குள் சொட்டுச்சொட்டாக விட்டு, எரிச்சல் வருகிறதா என்று நோயாளியையே கேட்பதுதான் அந்தச் சோதனை. எதுக்களிப்பு உள்ளவர்களில் பலர் வருகிறது என்றார்கள். அமிலத்துக்கும் எரிச்சலுக்கும் உள்ள தொடர்பு அதோடு உறுதியானது.

நுண்ணோக்கியில் தெரிந்த மாற்றங்களும் இதே கதைக்குள் பொருந்தின. உணவுக்குழாயின் உட்பரப்பு பல அடுக்குத் தட்டைச் செல்களால் ஆனது. அடி அடுக்கில் செல்கள் பிறக்கின்றன, மேலேறி முதிர்கின்றன, மேற்பரப்பில் உதிர்கின்றன. கீழிருந்து விரல்போல நீண்டு மேலே நுழையும் பாப்பிலாக்கள் இரத்தநாளங்களைக் கொண்டுவருகின்றன. எதுக்களிப்பு உள்ளவர்களிடம் அடி அடுக்கு தடிப்பதையும் பாப்பிலாக்கள் நீள்வதையும் 1970இல் இஸ்மாயில்-பெய்கி குழுவினர் காட்டினார்கள். மேற்பரப்புச் செல்களை அமிலம் கொன்றுபோடுவதால், ஈடுகட்ட அடி அடுக்கு அவசரமாகப் பெருகுகிறது என்று அதற்கு விளக்கம் தரப்பட்டது. செல்களுக்கு இடையே உள்ள இடைவெளிகள் விரிந்துவிடுவதை 1996இல் டோபி, ஒர்லாண்டோ முதலியோர் மின்னணு நுண்ணோக்கியில் அளந்தார்கள். அமிலம் உள்ளே கசிந்து நரம்பு நுனிகளைத் தொடும் வழி அதில் தெரிந்தது.

எல்லாவற்றுக்கும் முத்திரை வைத்தது மருந்து. 1988இல் ஸ்வீடனில் சந்தைக்கு வந்த ஒமெப்பிரசோலும் அதன் பின்னால் வந்த பேன்ட்டாபிரசோல், எசோமெப்பிரசோல் போன்றவையும் அமிலம் சுரக்கும் செல்களின் புரோட்டான் பம்பை அடைத்துவிடுகின்றன. எட்டு வாரங்களில் பெரும்பாலானோரின் உணவுக்குழாய்ப் புண் ஆறிவிடுகிறது. மருந்து பலித்ததால் கொள்கையும் சரி என்று முடிவாயிற்று. ஆனால் அமிலத்தைக் குறைத்தால் நோய் தணிகிறது என்பது நோய்க்கு அமிலம் தேவை என்று மட்டும்தான் நிரூபிக்கும். அந்த அமிலம் எந்த வழியில் சேதம் விளைவிக்கிறது என்பதற்கு அதில் பதில் இல்லை. முக்கால் நூற்றாண்டாக யாரும் பெரிதாகத் தட்டிக்கேட்காத இடைவெளி இதுதான்.

உட்படலத்தில் குடியிருப்போர்

நலமாக இருக்கும் உணவுக்குழாயிலும் நோயெதிர்ப்புச் செல்கள் உண்டு. பெல்ஜியத்தின் லூவனைச் சேர்ந்த கெபோஸ் குழுவினர் 1983இல் உணவுக்குழாய் எபிதீலியத்தில், அதாவது உட்பரப்பின் தட்டைச் செல் அடுக்கில், இருக்கும் லிம்ஃபோசைட்டுகளையும் லாங்கர்ஹான்ஸ் செல்களையும் விவரித்தார்கள். தோலில் இருப்பதைப்போலவே இங்கேயும் லாங்கர்ஹான்ஸ் செல்கள் கிளைவிரித்துக் காத்திருந்து, வேற்றுப்பொருளின் அடையாளத்தைப் பிடித்து டி செல்கள் எனப்படும் லிம்ஃபோசைட்டுகளிடம் காட்டுகின்றன. டி செல்களில் பெரும்பகுதி சிடி8 வகை. கீழே உள்ள இணைப்புத் திசுவில் மாஸ்ட் செல்கள் இருக்கின்றன. ஈசினோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் நலமான உணவுக்குழாயில் அநேகமாகத் தென்படுவதில்லை. இரைப்பையிலும் குடலிலும் அவை சாதாரணமாக இருக்கும், இங்கே இருந்தால் ஏதோ கோளாறு.

இந்தக் காவலின் அவசியம், அது இல்லாதபோது தெரிகிறது. எய்ட்ஸ் நோயில் டி செல்கள் குறைந்துபோனவர்களின் உணவுக்குழாயில் கேண்டிடா பூஞ்சை வெள்ளைத் திட்டுகளாகப் படர்ந்துவிடும். நாம் விழுங்கும் ஒவ்வொரு கவளத்தோடும் நுண்ணுயிர்களும் வேற்றுப் புரதங்களும் இறங்குகின்றன. அவற்றில் பலவற்றைச் சகித்துக்கொண்டு சிலவற்றை எதிர்ப்பது இந்தச் செல்களின் அன்றாட வேலை.

நோயியல் மருத்துவர் ஒருவர் உணவுக்குழாய் பயாப்சியை உருப்பெருக்கிப் பார்க்கும்போது, இளஞ்சிவப்புத் தட்டைச் செல்களுக்கு நடுவே கருநீலமாக, நெளிந்து ஒடுங்கிய உட்கருக்கள் சில தெரியும். வட்டமாக இருக்க வேண்டிய உட்கரு கோணல்மாணலாக இழுபட்டிருக்கும். இவை என்ன என்று நெடுநாள் குழப்பம் இருந்தது. நியூட்ரோஃபில் என்ற வேறொரு வெள்ளணு என்று தவறாக எண்ணியவர்களும் உண்டு. 1992இல் மங்கானோ குழுவினர் சாயமேற்றிப் பார்த்து, இவை பெரும்பாலும் டி லிம்ஃபோசைட்டுகள் என்று காட்டினார்கள். நெரிசலான பேருந்தில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு நகரும் நடத்துநரைப்போல, எபிதீலியச் செல்களின் இடுக்கில் புகுந்து போவதால் வந்த நெளிவு அது. நோயறிதலுக்கு இவற்றால் பெரிய பயன் இல்லை என்று அன்றைக்கு ஒதுக்கிவிட்டார்கள். எல்லோருடைய கண்ணும் ஈசினோஃபில்மேல் இருந்தது. 1982இல் விண்டர் குழுவினர் எபிதீலியத்துக்குள் தென்படும் ஈசினோஃபிலை எதுக்களிப்பு அழற்சியின் அடையாளமாக முன்வைத்திருந்தார்கள். ஒதுக்கப்பட்ட லிம்ஃபோசைட்டுகள் திரும்பவும் அரங்கேற இன்னும் பதினேழு ஆண்டுகள் ஆயின.

எலிகள் காட்டிய தலைகீழ் வரிசை

அமிலம் மேலிருந்து சுடுகிறது என்றால் எதிர்பார்ப்பு எளிது. முதலில் மேற்பரப்புச் செல்கள் சாக வேண்டும். பிறகு அங்கே நியூட்ரோஃபில்கள் கூட வேண்டும். அழற்சி மேலிருந்து கீழே இறங்க வேண்டும். அடி அடுக்கு பெருகுவது கடைசியாக நடக்க வேண்டும்.

ரோண்டா சௌசா, ஸ்டூவர்ட் ஸ்பெக்லர் ஆகியோர் டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸில் இருந்தபோது இதை எலிகளிடம் சோதித்தார்கள். உணவுக்குழாயை நேராக முன்சிறுகுடலோடு இணைத்து, இரைப்பை அமிலமும் பித்தநீரும் தங்குதடையின்றி மேலேறும்படி அறுவை செய்தார்கள். பிறகு வெவ்வேறு நாட்களில் திசுவை எடுத்துப் பார்த்தார்கள். 2009இல் வெளியான முடிவு எதிர்பார்ப்புக்கு நேர் எதிராக இருந்தது. மூன்றாம் நாளில் மேற்பரப்பு குலையாமல் இருந்தது. ஆனால் ஆழத்தில், உட்படலத்துக்கும் கீழான அடுக்கில் லிம்ஃபோசைட்டுகள் கூடியிருந்தன. அடுத்தடுத்த நாட்களில் அவை அங்கிருந்து மேல்நோக்கி நகர்ந்து எபிதீலியத்தை அடைந்தன. அடி அடுக்கு தடித்ததும் பாப்பிலாக்கள் நீண்டதும் அரிப்புப் புண் தோன்றுவதற்கு முன்பே நடந்துவிட்டன. மேற்பரப்பு அரிக்கப்பட்டது கடைசியில்தான்.

அதே ஆய்வின் இரண்டாம் பகுதி சோதனைக்குழாயில் நடந்தது. மனித உணவுக்குழாய்ச் செல்களை அமிலம் கலந்த பித்த உப்புகளில் நனைத்தபோது, அவை இன்டர்லூகின்-8, இன்டர்லூகின்-1 பீட்டா போன்ற சைட்டோகைன்களை வெளியிட்டன. சைட்டோகைன்கள் கலந்த அந்தத் திரவத்தை வைத்தபோது டி செல்களும் நியூட்ரோஃபில்களும் அதை நோக்கி நகர்ந்தன. சைட்டோகைன் என்பது செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் வேதித் தகவல். ஆக, அமிலம் தொட்ட செல் உயிரோடு இருந்தபடியே படையை வரவழைக்கிறது. வந்த படைதான் பிறகு திசுவை நாசமாக்குகிறது என்று சௌசாவும் ஸ்பெக்லரும் வாதிட்டார்கள்.

மருந்தை நிறுத்திய 12 பேர்

எலியின் அறுவை வேறு, மனிதனின் எதுக்களிப்பு வேறு. ஆகவே அதே குழுவைச் சேர்ந்த கெரி டன்பார் தலைமையில் மனிதர்களிடம் ஒரு சோதனை நடந்து 2016இல் வெளியானது. கடுமையான உணவுக்குழாய் அழற்சி இருந்து, புரோட்டான் பம்ப் மருந்தால் முழுதாக ஆறிய 12 பேர் அதற்கு முன்வந்தார்கள். அவர்களுடைய மருந்தை நிறுத்திவிட்டு, நிறுத்துவதற்கு முன்பும் ஒரு வாரம் கழித்தும் இரண்டு வாரம் கழித்தும் எண்டோஸ்கோப்பியும் பயாப்சியும் செய்தார்கள். நாட்பட்ட நோயைப் பார்த்தால் எது முதலில் வந்தது என்று சொல்ல முடியாது. நோய் திரும்பும் அந்தச் சில நாட்களைப் பிடித்ததுதான் இதன் சாமர்த்தியம்.

மருந்து நின்றதும் உணவுக்குழாயில் அமிலம் படும் நேரம் பன்மடங்கு கூடியது; நெஞ்செரிச்சலும் அழற்சியும் திரும்பின. பயாப்சிகளை அரிப்பு இல்லாத இடங்களிலிருந்து எடுத்திருந்தார்கள். அங்கே கூடியிருந்தவை பெரும்பாலும் டி லிம்ஃபோசைட்டுகள். நியூட்ரோஃபில்களும் ஈசினோஃபில்களும் மிகக் குறைவாகவோ அறவே இல்லாமலோ இருந்தன. அடி அடுக்குப் பெருக்கமும் பாப்பிலா நீட்சியும் மேற்பரப்பு குலையாத இடங்களிலேயே தெரிந்தன. மேற்பரப்புச் செல்கள் செத்தால்தான் அடி அடுக்கு பெருகும் என்ற பழைய விளக்கம் இங்கே பொருந்தவில்லை. சைட்டோகைன்களே அந்தப் பெருக்கத்தைத் தூண்டியிருக்கலாம்.

அழைப்பு மணி எங்கே இருக்கிறது

அமிலம் பட்ட செல் எப்படிச் சைட்டோகைன்களைச் சுரக்கிறது என்று தேடியபோது, ஹிஃப்-2 ஆல்ஃபா என்ற புரதம் கிடைத்தது. ஆக்சிஜன் குறைந்தால் செல்லைத் தயார்ப்படுத்தும் புரதக் குடும்பம் இது. செல்கள் ஆக்சிஜனை உணரும் இந்த வழியைக் கண்டதற்காகவே 2019இல் கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. சாதாரணமாக இந்தப் புரதம் உருவான வேகத்திலேயே சிதைக்கப்பட்டுவிடும். அமிலமும் பித்த உப்பும் பட்ட செல்லில் ஆக்சிஜன் சார்ந்த வீரிய மூலக்கூறுகள் பெருகுகின்றன. அவை சிதைக்கும் நொதிகளை முடக்குகின்றன. ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தும் ஹிஃப்-2 ஆல்ஃபா தேங்குகிறது. அது தேங்கியதும் அழற்சி மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. மருந்தை நிறுத்திய நோயாளிகளின் பயாப்சிகளிலும் இந்தப் புரதம் கூடியிருந்ததாக 2017இல் அறிவித்தார்கள்.

இதைத் தடுக்கும் மருந்தால் நெஞ்செரிச்சலைக் குணப்படுத்தலாமே என்று தோன்றும். இந்தப் புரதத்தைத் தடுக்கும் பெல்சூட்டிஃபான் என்ற மாத்திரை 2021இல் அமெரிக்காவில் சிலவகைக் கட்டிகளுக்காக அனுமதி பெற்றது. ஆனால் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டினும் ஹிஃப்-2 ஆல்ஃபாவின் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. எனவே இரத்தசோகை இம்மருந்தின் முக்கியப் பக்கவிளைவு. நெஞ்செரிச்சலுக்குக் கொடுக்கும் விலையாக அது அதிகம்.

எதிர்வாதங்களின் பலம்

புதிய கொள்கைக்கு எதிராகச் சொல்லக்கூடியவை லேசானவை அல்ல. முதலாவது, எண்ணிக்கை: 12 பேர். இரண்டாவது, அவர்கள் யார் என்பது. ஏற்கெனவே கடுமையாக அழற்சி கண்டு ஆறிய திசு அது. ஒருமுறை போரிட்ட டி செல்கள் நினைவோடு அங்கேயே தங்கியிருந்து, மருந்து நின்றதும் விழித்திருக்கலாம். வாழ்நாளில் முதன்முறையாக எதுக்களிப்பு வருபவரிடமும் இதே வரிசைதான் நடக்கிறதா என்பதை இந்த ஆய்வு சொல்லாது. மூன்றாவது, எலிகளின் உணவுக்குழாயில் பாய்ந்த கலவை மனிதர்களிடம் அரிதாகவே காணும் அளவுக்குக் கடுமையானது.

நான்காவது எதிர்வாதம் பெப்சின். விலங்குகளிடம் செய்த பழைய சோதனைகளில், மிதமான அமிலம் தனியாகச் செய்யாத சேதத்தைப் பெப்சினோடு சேர்ந்து செய்தது. புரதத்தை அறுக்கும் நொதி செல்களை நேரடியாகவே பிரித்துப்போட வல்லது. பாதுகாப்புகள் எல்லாம் பழுதான ஒருவரின் உணவுக்குழாயில் இரவு முழுக்க அமிலமும் பெப்சினும் தேங்கிநின்றால், நோயெதிர்ப்புச் செல்களின் துணை இல்லாமலே புண் வரும் என்பதை மறுக்க முடியாது. இரண்டு வழிகளும் உண்டு என்று கொள்வதே சான்றுக்குப் பொருந்துகிறது. மிதமான, திரும்பத் திரும்ப வரும் எதுக்களிப்பில் அழற்சி வழி முந்தலாம். கடுமையான தாக்குதலில் நேரடிச் சேதமும் கூடச் சேரலாம்.

புண் இல்லாமல் எரிச்சல்

எதுக்களிப்புத் தொல்லையோடு வருபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு எண்டோஸ்கோப்பியில் புண் எதுவும் தெரிவதில்லை. அதேபோல் பெரிய புண்ணோடு எரிச்சலே இல்லாமல் நடமாடுபவர்களும் உண்டு. சுடுவதுதான் நோய் என்றால் இந்த முரண்பாட்டுக்கு விளக்கம் இல்லை. லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தின் வுட்லண்ட், சிஃப்ரிம் குழுவினர் 2017இல் ஒரு துப்புக் கொடுத்தார்கள். புண் இல்லாத எதுக்களிப்பு நோயாளிகளிடம் வலியுணர் நரம்பு நுனிகள் மேற்பரப்புக்கு வெகு அருகில் இருந்தன. அழற்சிச் செல்கள் வெளியிடும் பொருள்கள் நரம்பு நுனிகளைக் கூர்மையாக்கும் என்பது உடலின் பிற பகுதிகளில் நன்கு தெரிந்த செய்தி. உணவுக்குழாயிலும் மாஸ்ட் செல்களும் டி செல்களும் நரம்புகளை உசுப்பிவிட்டால், சிறிதளவு அமிலமே பெரும் எரிச்சலாக உணரப்படும்.

ஈசினோஃபில் தந்த பாடம்

நோயெதிர்ப்புச் செல்களே உணவுக்குழாயைக் கெடுக்க முடியும் என்பதற்கு மறுக்க முடியாத சாட்சி ஈசினோஃபில் உணவுக்குழாய் அழற்சி. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அட்வுட்டும் சுவிட்சர்லாந்தில் ஸ்ட்ராவ்மனும் இதைத் தனி நோயாக அடையாளம் கண்டார்கள். சோறும் இறைச்சியும் தொண்டைக்குக் கீழே சிக்கிக்கொள்ளும். பயாப்சியில் நுண்ணோக்கியின் ஒரு பார்வைப் புலத்தில் 15க்குக் குறையாத ஈசினோஃபில்கள் இருக்கும். பால், கோதுமை போன்ற உணவுகளுக்கு எழும் ஒவ்வாமை வகை எதிர்வினை இதை நடத்துகிறது. அந்த எதிர்வினையின் சமிக்ஞையைத் தடுக்கும் டுபிலுமாப் ஊசி 2022இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு அனுமதி பெற்றது.

ஆரம்பத்தில் இரண்டு நோய்களையும் பிரிக்கப் புரோட்டான் பம்ப் மருந்தையே உரைகல்லாக வைத்தார்கள். மருந்துக்குக் கேட்டால் எதுக்களிப்பு, கேட்காவிட்டால் ஈசினோஃபில் நோய். ஆனால் ஈசினோஃபில் நோயாளிகளிலும் கணிசமானோர் அந்த மருந்துக்குக் கேட்டார்கள். ஆய்வகத்தில் காரணம் தெரிந்தது. ஈசினோஃபிலை வரவழைக்கும் ஈயோடாக்சின்-3 என்ற பொருளை உணவுக்குழாய்ச் செல்கள் சுரப்பதை ஒமெப்பிரசோல் நேரடியாகவே குறைக்கிறது. அமிலம் அங்கே சம்பந்தப்படவே இல்லை. 2018இல் சர்வதேச வல்லுநர்கள் அந்த உரைகல்லைக் கைவிட்டார்கள். அமிலம் குறைக்கும் மாத்திரை என்று நாம் விழுங்குவது ஓரளவு அழற்சி குறைக்கும் மாத்திரையாகவும் இருக்கிறது. மருந்து பலித்ததை வைத்து அமிலக் கொள்கையை நிரூபித்த பழைய வாதம் இதனால் மேலும் தளர்கிறது.

பாரெட் மாற்றமும் புற்றுநோயும்

நெடுநாள் எதுக்களிப்பில் சிலருக்கு உணவுக்குழாயின் தட்டைச் செல்கள் நீங்கி, குடலில் இருப்பவை போன்ற தூண்வடிவச் செல்கள் வந்து அமர்கின்றன. 1950இல் இதைப் பற்றி எழுதிய லண்டன் அறுவை மருத்துவர் நார்மன் பாரெட்டின் பெயரால் இது வழங்குகிறது. உணவுக்குழாய் அடினோகார்சினோமா புற்றுநோய்க்கு இதுவே முன்படி. ஒரே எதுக்களிப்பு ஏன் ஒருவருக்குப் புண்ணையும் இன்னொருவருக்குச் செல் மாற்றத்தையும் தருகிறது? பிரிட்டனின் ரெபெக்கா ஃபிட்ஸ்ஜெரால்ட் குழுவினர் 2002இல் காட்டியபடி, புண்ணான இடத்தில் தாக்கும் வகை டி செல் எதிர்வினையும், பாரெட் திசுவில் ஒவ்வாமை வகையை ஒத்த எதிர்வினையும் மேலோங்கி இருந்தன. 2012இல் குவாண்டே குழுவினர், உணவுக்குழாயில் இன்டர்லூகின்-1 பீட்டாவை மிகையாகச் சுரக்கும்படி மரபணு மாற்றிய சுண்டெலிகளிடம் பாரெட்டை ஒத்த மாற்றத்தையும் பிறகு கட்டியையும் கண்டார்கள். தொடர்ந்த அழற்சி ஒன்றே அந்த மாற்றத்தைத் தொடங்கிவைக்கப் போதுமானதாக இருந்தது. பித்த அமிலம் அதை விரைவுபடுத்தியது.

மனிதர்களிடம் இதற்கு நெருக்கமான சான்று 2018இல் வெளியான ஆஸ்பெக்ட் ஆய்வு. பாரெட் மாற்றம் உள்ள 2,557 பேரிடம் எசோமெப்பிரசோல் மருந்தை அதிக அளவிலும் குறைந்த அளவிலும், ஆஸ்பிரினோடும் ஆஸ்பிரின் இல்லாமலும் கொடுத்துச் சராசரியாக ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கண்காணித்தார்கள். அதிக அளவு எசோமெப்பிரசோலும் ஆஸ்பிரினும் சேர்ந்தபோது மரணம், புற்றுநோய், அதன் முந்தைய நிலை ஆகியவை வருவது மிகவும் தள்ளிப்போனது. அழற்சியையும் சேர்த்து அடக்கினால் கூடுதல் பயன் உண்டு என்ற எண்ணத்துக்கு இது வலுச்சேர்க்கிறது. ஆஸ்பிரின் இரைப்பையில் இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடியது என்பதால், யாரும் தாமாக எடுத்துக்கொள்ளும் மருந்தாக அதை இதிலிருந்து கருதிவிடக் கூடாது.

எங்கே நிற்கிறோம்

சான்றுகளைத் தொகுத்தால் மூன்று முடிவுகளைத் துணிந்து சொல்லலாம். அமிலம் இல்லாமல் இந்த நோய் அநேகமாக இல்லை. அமிலம் பட்டதும் உட்படலச் செல்கள் செத்துவிழுவதற்கு முன்பே டி செல்களை அழைக்கின்றன. நோயின் முகத்தை, அதாவது புண்ணா, எரிச்சலா, செல் மாற்றமா என்பதைத் தீர்மானிப்பதில் எவ்வளவு அமிலம் என்பதைப் போலவே எந்த வகை எதிர்வினை என்பதும் முக்கியம்.

இதனால் இன்றைய சிகிச்சை மாறிவிடவில்லை. ஆனால் ஒரு பழக்கம் மாற வேண்டும். கடுமையான புண் ஆறியதும், எரிச்சல் இல்லையே என்று மாத்திரையைத் தாமாக நிறுத்துபவர்கள் பலர். அந்த 12 பேரிடம் ஒன்றிரண்டு வாரங்களிலேயே டி செல்கள் திரும்பி வந்தன. எனவே கடுமையான புண் இருந்தவர்கள் மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது. லேசான தொல்லை உள்ளவர்களுக்கோ இதுவே ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்க அனுமதிச் சீட்டாகிவிடாது. விழுங்குவதில் சிரமம், காரணமில்லாத எடை இழப்பு, கருநிற மலம் இவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரையோடு நிறுத்தாமல் எண்டோஸ்கோப்பிக்குப் போக வேண்டும்.

ஆராய்ச்சியின் பாக்கியும் தெளிவாகவே தெரிகிறது. கூடிவரும் டி செல்கள் எந்த வேற்றுப்பொருளை அடையாளம் கண்டு வருகின்றன, அல்லது சைட்டோகைன் அழைப்புக்கு மட்டும் ஓடிவருகின்றனவா என்று பிரித்தறிய வேண்டும். முதன்முறை எதுக்களிப்பு வருபவரின் திசுவை ஆரம்பத்திலேயே பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அமிலத்தைத் தொடாமல் அழற்சியை மட்டும் தடுத்து, அப்போதும் மனிதர்களுக்குப் புண் வராமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தச் சோதனை நடக்கும்வரை, நோயெதிர்ப்புச் செல்களின்மேல் உள்ள குற்றச்சாட்டு வலுவானது, தீர்ப்பு இன்னும் வரவில்லை.